கொடி அவரை: ஒரு பந்தல் காய்க்குது, இன்னொண்ணு வெறும் இலை. என்ன காரணம்?

சரவணம்பட்டி_மாடி | டிசம்பர் 2, இரவு 8:15

எல்லாருக்கும் வணக்கம். எங்க அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில ஏழெட்டுக் குடும்பம் சேர்ந்து பொதுவா தோட்டம் போட்டிருக்கோம். ஆடியில கொடி அவரை போட்டோம். பக்கத்து வீட்டு அத்தை ஊர்ல இருந்து கொண்டு வந்த நாட்டு விதை. கிழக்கு ஓரம் ஒரு பந்தல், மேற்கு ஓரம் ஒரு பந்தல். ரெண்டுக்கும் ஒரே விதை, ஒரே நாள்ல ஊன்றினது. மண் கலவையும் ஒண்ணுதான்: செம்மண், தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு.

கிழக்குப் பந்தல் ஐப்பசி கடைசியிலயே பூவெடுத்துருச்சு, இப்ப ரெண்டு நாளைக்கு ஒரு தடவை காய் பறிக்கிறோம். மேற்குப் பந்தல்ல உள்ளங்கை அகலத்துக்கு இலை, தண்ணித் தொட்டி வரைக்கும் கொடி ஏறியாச்சு, ஆனா மொட்டுகூட இல்லை. பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி கணக்குல ரெண்டுக்கும் ஒரே மாதிரி தெளிக்கிறோம்.

ரெண்டு பந்தலையும் வேற வேற வீட்டுக்காரங்க பார்த்துக்கிறதால லேசா மனஸ்தாபமும் ஆரம்பிச்சிருச்சு. "அவங்க கைராசி அப்படி"ன்னு யாரோ சொல்லி, அது குரூப்ல ஓடிக்கிட்டிருக்கு. சீக்கிரம் யாராவது ஒரு வழி சொல்லுங்க.

தாம்பரம்_தொட்டி | டிசம்பர் 2, இரவு 8:40

3ஜி கட்டிங் பண்ணிப் பாருங்க. நுனியைக் கிள்ளி, பக்கக் கிளை வந்ததும் அதையும் கிள்ளி, மூணாவது தலைமுறைக் கிளையில பாருங்க, பூவா கொட்டும். எங்க வீட்டு பீர்க்கங்காய்க்கு அப்படித்தான் பண்றேன்.

நொய்யல்கரை | டிசம்பர் 3, காலை 5:50

தம்பி, அது சுரை, பீர்க்கன், புடலை மாதிரிக் கொடிகளுக்குச் சொல்றதுங்க. அதுல ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூ கூடுதலா வரட்டும்னு கிள்ளிவிடறாங்க. அவரையில அப்படிப் பிரிவே கிடையாதுங்க. ஒரே பூவுக்குள்ள ரெண்டும் இருக்கும், தானாவே சேர்ந்து காயாகிரும். பிரஷ் எடுத்துட்டுப் போயி மகரந்தம் தடவற வேலையும் வேண்டியதில்லை. நுனி கிள்ளினா படர்றது அடர்த்தியாகும், அவ்வளவுதான்.

அம்மிணி, எனக்குத் தோணறது தழைச்சத்து (நைட்ரஜன்) கூடிப்போச்சுன்னு. அவரை வேர் முடிச்சுலயே தனக்கு வேண்டிய தழைச்சத்தைப் பிடிச்சுக்கும். அதுக்கு மேல சாணம், கோமியம், பஞ்சகவ்யான்னு ஊத்துனா இலையாத்தான் தள்ளும். ஒரு மாசம் எல்லாத்தையும் நிறுத்திப்போட்டு அடுப்புச் சாம்பல் ஒரு கைப்பிடி போடுங்க. மண்ணைக் கொஞ்சம் காயவிட்டுத் தண்ணி குடுங்க.

தாமிரபரணி | டிசம்பர் 3, காலை 9:20

தேமோர் கரைசல் அடிச்சுப் பாருங்க. தேங்காய்ப்பாலும் புளிச்ச மோரும் சமமாக் கலந்து மண்பானையில ஒரு வாரம் மூடி வைக்கணும். வடிகட்டி, பத்துப் பங்கு தண்ணிக்கு ஒரு பங்கு சேத்து சாயங்காலம் தெளிக்கணும். எங்க வீட்டு மாடியில கத்தரி, மிளகாய் ரெண்டுக்கும் அதுதான்.

நொய்யல்கரை | டிசம்பர் 3, காலை 9:45

வந்த பூ உதிராம நிக்கறதுக்கு நானும் தேமோர் அடிக்கறனுங்க, குறை சொல்லலை. மொட்டே வைக்காத கொடிக்கு அது என்னத்தைப் பண்ணும்?

சரவணம்பட்டி_மாடி | டிசம்பர் 3, காலை 10:30

ஐயா, நீங்க சொல்ற தழைச்சத்து சரியாத்தான் இருக்கும். ஆனா உரம் ரெண்டு பந்தலுக்கும் ஒண்ணுதானே? அது ஏன் மேற்கை மட்டும் கெடுக்கணும்? வெயிலும் மேற்குப் பக்கம்தான் கூடுதல்.

செடிவைத்தியம் | டிசம்பர் 3, மதியம் 1:10

ஒரே விதை, ஒரே மண், ஒரே உரம், வெயிலும் குறைவில்லை. அப்படின்னா பகல்ல தேடறதை விடுங்க. இன்னைக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல மாடிக்குப் போய், ஃபிளாஷ் போடாம ரெண்டு பந்தலையும் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க. அப்புறம் பேசலாம்.

சரவணம்பட்டி_மாடி | டிசம்பர் 3, இரவு 9:35

[படம் இணைக்கப்பட்டுள்ளது]

கிழக்குப் பந்தல் படத்துல ஒண்ணுமே தெரியலை, கும்மிருட்டு. மேற்குப் பந்தல் பளிச்னு இருக்கு. லிஃப்ட் ரூம் சுவத்துல எல்இடி ஃபோகஸ் லைட் ஒண்ணு மாட்டியிருக்காங்க, அது தண்ணித் தொட்டிப் பக்கம் திரும்பியிருக்கு. சிசிடிவி கேமராவுக்காகப் போன வருஷக் கடைசியில போட்டது. சாயங்காலம் ஆறு மணிக்கு எரிய ஆரம்பிச்சா காலையில ஆறு வரைக்கும் எரியும். இதுக்கும் அவரைக்கும் என்ன சார் சம்பந்தம்?

செடிவைத்தியம் | டிசம்பர் 3, இரவு 10:20

அதுதான் காரணம்னு கிட்டத்தட்ட அடிச்சுச் சொல்லலாம்.

பழைய கொடி அவரை ரகங்கள் பெரும்பாலும் குறும்பகல் செடிகள். பகல் சுருங்கி இரவு நீளும்போதுதான் பூவெடுக்கும். கோயம்புத்தூர்ல ஆடி மாசம் பகல் ஏறக்குறைய 12 மணி 40 நிமிஷம். மார்கழியில அது 11 மணி 30 நிமிஷத்துக்கு வந்துடும். ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான் வித்தியாசம், நமக்கு அது உறைக்கறதே இல்லை. செடி அதைக் கணக்குப் பண்ணிடும்.

பேர் குறும்பகல்னு இருந்தாலும் செடி அளக்கறது இரவைத்தான். இலையில ஃபைட்டோகுரோம்னு ஒரு நிறமி இருக்கு. பகல் வெளிச்சத்துல அது ஒரு வடிவத்துக்கு மாறும், இருட்டுல மெல்ல மெல்லத் திரும்பும். இருட்டு தொடர்ச்சியா வேண்டிய நேரம் நீடிச்சாத்தான் பூக்கச் சொல்லி இலையிலிருந்து நுனிக்குச் செய்தி போகும். நடுவுல வெளிச்சம் பட்டா கணக்கு முதல்லயிருந்து ஆரம்பிக்கும். 1920-ல கார்னர், அலார்ட்னு ரெண்டு அமெரிக்க விஞ்ஞானிகள் புகையிலையையும் சோயாவையும் வச்சு, பூக்கற காலத்தைப் பகல் நீளம் தீர்மானிக்குதுன்னு காட்டினாங்க. 1938-ல ஹாம்னர், பானர் ரெண்டு பேரும் இன்னொரு செடியை வச்சு, நீண்ட இரவுக்கு நடுவுல கொஞ்ச நேரம் விளக்கு போட்டாலே அது பூக்காதுன்னு நிரூபிச்சாங்க. உங்க மேற்குப் பந்தலுக்கு நடுவுல கொஞ்ச நேரமெல்லாம் இல்லை, ராத்திரி பூராவும் வெளிச்சம். அந்தக் கொடிக்கு ஆடி மாசம் இன்னும் முடியலை.

ஒண்ணு மட்டும் கவனிச்சுப் பாருங்க. தொட்டிக்குப் பின்னால, வெளிச்சம் படாத மூலையில போன கொடி நுனி ஏதாவது இருக்கா? அங்க மொட்டு வச்சிருக்கான்னு பாருங்க.

சரவணம்பட்டி_மாடி | டிசம்பர் 4, காலை 7:05

இருக்கு!! தொட்டிக்குப் பின்னால நிழல் விழற இடத்துல தொங்கற ரெண்டு கிளையில ஊதா மொட்டு. மத்தபடி எங்கயும் இல்லை. போட்டோ எடுத்து முதல்ல குரூப்ல போட்டுட்டுத்தான் இங்க வந்தேன்.

ஓசூர்_வெள்ளாமை | டிசம்பர் 4, காலை 11:00

எங்க பக்கம் பசுமைக்குடில்ல சாமந்தி போடறவங்க இதை வச்சுத்தான் தொழிலே பண்றாங்க. செடி உயரமா வளரட்டும்னு முதல்ல ராத்திரி பல்பு போடுவாங்க. தண்டு நீளம் போதும்னா பல்பை நிறுத்திட்டு, சாயங்காலமே கறுப்புத் துணி இழுத்து மூடிடுவாங்க. பூ எல்லாம் ஒரே சமயத்துல வரும். நீங்க தெரியாமலே அதுல முதல் பாதி வேலையைப் பண்ணியிருக்கீங்க.

பட்டம் (விதைக்கற பருவம்) பார்க்காம அவரை வேணும்னா குத்துச் செடி ரகத்துக்குப் போங்க. பெங்களூர் ஹெசரகட்டா தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்கா ஜெய், அர்கா விஜய் ரெண்டுமே பகல் நீளத்தைப் பார்க்காத ரகம். பந்தலும் வேண்டாம், தொட்டியிலயே வரும். ருசின்னு கேட்டா கொடி அவரைக்குக் கீழதான், அது என் நாக்கு.

ஸ்கார்பரோ_தோட்டம் | டிசம்பர் 4, இரவு 9:15

இந்த இழையை நான் முந்தியே பார்த்திருக்க வேணும். டொரண்டோவிலை எங்களுக்கு விளக்கே தேவையில்லை, சூரியனே அந்த வேலையைச் செய்யும். ஜூனிலை பகல் பதினைஞ்சரை மணித்தியாலம். மே கடைசியிலை விக்டோரியா தின லீவுக்குப் பிறகுதான் கண்டுகளை வெளியிலை வைப்பம். கொடி வடிவா வளரும், வேலியெல்லாம் மூடும். செப்டெம்பர் கடைசியிலைதான் பகலும் இரவும் சமனாகும். பூ வர வெளிக்கிட, ஒக்டோபரிலை உறைபனி வந்து எல்லாத்தையும் கருக்கிப் போடும். எங்கட சனம் கன பேர் "விதை சரியில்லை" எண்டு ஊரிலையிருந்து திரும்பத் திரும்ப விதை எடுப்பிக்கினம்.

நான் இப்ப ரெண்டு பெரிய வாளியிலை வைச்சு, ஓகஸ்ட் தொடங்க ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஆறு மணிக்கு கராஜுக்குள்ளை உருட்டி விட்டு, காலமை எட்டு மணிக்கு வெளியிலை எடுக்கிறனான். வீட்டிலை சிரிக்கினம். ஆனால் செப்டெம்பரிலை காய் பிடுங்கிறது நான்தான். பயித்தங்காய்க்கு இந்தக் கரைச்சல் ஒண்டும் இல்லை, அது தன்பாட்டிலை காய்க்கும்.

தாம்பரம்_தொட்டி | டிசம்பர் 5, காலை 8:30

எங்க சிறகவரையும் இதே கதைதானா? சித்திரையில நட்டது, ஏணி வரைக்கும் போயிடுச்சு, ஐப்பசி மழையிலதான் நீலப் பூ விட்டுச்சு. மழையாலதான் பூத்ததுன்னு இத்தனை நாளும் நினைச்சிட்டிருந்தேன்.

செடிவைத்தியம் | டிசம்பர் 5, காலை 9:10

ஆமாம், சிறகவரையும் குறும்பகல்தான். சித்திரையில நட்டாலும் ஆடியில நட்டாலும் பூக்கறது ஏறக்குறைய ஒரே சமயம்தான். முன்னாடி நட்டா நீங்க கூடுதலா சம்பாதிக்கறது இலையும் ஏணிச் செலவும். "ஆடிப்பட்டம் தேடி விதை"ன்னா மழையை மட்டும் சொல்றதா நாம எடுத்துக்கறோம். அவரையைப் பொறுத்தவரை, கொடி படர ரெண்டு மூணு மாசம் கொடுத்து, இரவு நீளும்போது பந்தல் நிறைஞ்சு நிக்கற மாதிரி அந்தப் பட்டம் அமைஞ்சிருக்கு.

சரவணம்பட்டி_மாடி | டிசம்பர் 8, இரவு 7:50

நடந்தது இதுதான். லைட்டை அணைக்கச் சொல்லி அசோசியேஷன்ல கேட்டோம். பாதுகாப்புன்னு ஒத்துக்கலை. "அவரைக்காய்க்காக கேமராவைக் குருடாக்கணுமா?"ன்னு ஒருத்தர் கேட்டார், அவர் கேட்டதுலயும் நியாயம் இருக்கு. கடைசியில ஆள் நடமாட்டம் இருந்தா மட்டும் எரியற சென்சார் லைட் மாத்தறதுன்னு முடிவாச்சு, செலவு தோட்டக்காரங்க தலையில. கரண்ட் பில் குறையறதைக் காட்டி அடுத்த கூட்டத்துல பாதியாவது வாங்கிடுவோம். இப்ப ராத்திரி மாடி இருட்டாத்தான் இருக்கு, பூனை வந்தா மட்டும் எரியுது.

நொய்யல்கரை | டிசம்பர் 8, இரவு 8:30

பூனையை வேற யாராவது புடிச்சுக் கட்டுங்க. அம்மிணி, சாம்பலை மட்டும் மறந்துறாதீங்க. பூ வந்ததும் அசுவினிப் பூச்சி வரும், கறுப்பா கொத்துக் கொத்தா நுனியில ஒட்டிட்டு இருக்கும். முதல் நாளே தண்ணியைப் பீய்ச்சி அடிச்சுக் கழுவிவிட்டுருங்க. அதுக்கும் அடங்கலைன்னா லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரையறதுக்குக் கொஞ்சம் சோப்புத் தண்ணி, வெயில் தாழ்ந்தப்புறம் அடிங்க. எறும்பு ஏறுதான்னு பாருங்க. அசுவினி விடற இனிப்புக்காக எறும்பு அதுக்குக் காவல் நிக்கும். எறும்பை நிறுத்துனா பாதி வேலை முடிஞ்சுது. பொறிவண்டு இருந்தா மருந்தே அடிக்காதீங்க, அதோட புழு முதலைக்குட்டி மாதிரி கறுப்பா இருக்கும், அதையும் பூச்சின்னு நசுக்கிப் போடாதீங்க.

சரவணம்பட்டி_மாடி | ஜனவரி 6, காலை 6:40

மேற்குப் பந்தல் முழுக்கப் பூ! படம் கீழே. கைராசி பேச்சும் குரூப்ல நின்னுபோச்சு. கிழக்குப் பந்தல்ல காய் முத்த ஆரம்பிச்சாச்சு, இனி ரெண்டும் சேர்ந்து வந்தா எங்களால சாப்பிட்டு முடியாது. பொரியல் பண்ணிப் பண்ணிப் பசங்க தட்டைத் தள்ளறாங்க. என்னென்ன பண்ணலாம்னு சொல்லுங்க.

ஓசூர்_வெள்ளாமை | ஜனவரி 6, காலை 10:15

முத்தினா முத்தட்டும், அதுதான் எங்களுக்குப் பொக்கிஷம். பிதுக்கம்பருப்புக் குழம்பு. இந்த மாசம் எங்க பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வாசனைதான். பெங்களூர்ல ஜனவரியில இதுக்குன்னே அவரேகாய் மேளா நடக்குது.

பச்சை மொச்சையை உரிச்சு ராத்திரியே தண்ணியில போட்டுடுங்க. காலையில ஒவ்வொண்ணா ரெண்டு விரல்ல வச்சு அழுத்தினா தோல் கையில நிக்கும், பருப்பு வெளிய துள்ளும். ஒரு ஆள் செஞ்சா அலுப்பு, அதனால டிவி முன்னாடி எல்லாரையும் உட்கார வச்சுடணும். ரெண்டு கப் பருப்புக்குச் சொல்றேன். எண்ணெயில ஒரு பட்டை, ரெண்டு கிராம்பு, வெங்காயம், இஞ்சி பூண்டு, ரெண்டு தக்காளி எல்லாத்தையும் வதக்கி, அரை மூடி தேங்காய், ஒரு ஸ்பூன் கசகசா, ஒரு கைப்பிடி கொத்தமல்லித் தழை, மூணு பச்சை மிளகாய் எல்லாம் சேர்த்து அரைச்சுக்கணும். கடுகு தாளிச்சு, பருப்பைப் போட்டு ஒரு பிரட்டு, மல்லித்தூள், மஞ்சள்தூள், உப்பு, தண்ணி. பருப்பு முக்கால் வெந்ததும் அரைச்சதை ஊத்திக் கொதிக்க விடுங்க. குக்கர்ல வைக்காதீங்க, குழைஞ்சு போயிடும். ராகிக் களிக்கு இதைவிட ஜோடி கிடையாது. இட்லிக்கும் சரிதான்.

தாமிரபரணி | ஜனவரி 6, மதியம் 12:30

பொங்கலுக்கு எட்டு நாள்தான் இருக்கு, காயைத் தீத்துராதீங்க. எங்க ஊர்ல பொங்கல் அன்னைக்கு இடிசாம்பார் இல்லாம இலை போட மாட்டோம். அதுல அவரைக்காய் கட்டாயம், கூட கத்தரி, வாழைக்காய், பூசணி, சேனை, சர்க்கரைவள்ளி. வத்தல், மல்லி, கடலைப்பருப்பு, வெந்தயம், பெருங்காயம், தேங்காய் இதையெல்லாம் வறுத்து இடிச்ச பொடிதான் அதுக்கு உசிரு. மிக்சியில போட்டா நைஸா அரைபட்டுரும், கொரகொரன்னு இருக்கணும்.

தனியா சிறுகிழங்குப் பொரியல் ஒண்ணு. சாக்குல போட்டுத் தேய்ச்சா தோல் போயிரும், மிச்சத்தைச் சுரண்டிக்கிடலாம். அதுவும் ஆடியில நட்டு மார்கழி, தையில தோண்டுததுதான். மாடியில அகலத் தொட்டியில வருது, நான் வச்சிருக்கேன்.

ஸ்கார்பரோ_தோட்டம் | ஜனவரி 6, இரவு 10:05

பிஞ்சுக்காய் எண்டால் பால்கறிதான். நார் எடுத்து, ரெண்டாய் முறிச்சு, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், மஞ்சள், உப்பு போட்டு தண்ணியான தேங்காய்ப்பாலிலை அவிய விடுங்கோ. அவிஞ்சாப் பிறகு கட்டிப்பால் விட்டு ஒரு கொதியோடை இறக்கி, தேசிக்காய்ப் புளி (எலுமிச்சைச் சாறு) விடுங்கோ. மிளகாய்த் தூள் போடாதேங்கோ, பிள்ளையளும் சாப்பிடுவினம். இஞ்சை வெளியிலை பனி முழங்கால் மட்டும் கிடக்கு, உங்கட படத்தைப் பார்த்து நான் ஃப்ரீசரிலை கிடந்த கடைசிப் பையை எடுத்துச் சமைச்சிட்டன்.

செடிவைத்தியம் | ஜனவரி 7, காலை 8:00

ஒரு எச்சரிக்கை. முத்திக் காய்ஞ்ச மொச்சையைப் பச்சையா மெல்லறது, அரைவேக்காடா சாப்பிடறது வேண்டாம். உள்ளே சயனைடை வெளிவிடற பொருள் இருக்கு, கறுப்பு விதைகள்ல கூடுதல். ராத்திரி முழுக்க ஊற வச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிட்டு, வேற தண்ணியில திறந்த பாத்திரத்துல நல்லா வேக வைங்க. வெந்த தண்ணியையும் வடிச்சுடுங்க. நம்ம பாட்டிங்க எப்பவும் செஞ்சதுதான், அவசரத்துல நாமதான் விட்டுடறோம்.

சரவணம்பட்டி_மாடி | ஜனவரி 7, காலை 9:20

பிதுக்கம்பருப்பு இந்த ஞாயித்துக்கிழமை மாடியிலயே பண்றோம், ரெண்டு பந்தல்காரங்களும் சேர்ந்து உரிக்கறதா முடிவு. விதைக்கு எதை விடறது? போன வருஷம் டப்பாவுல போட்டு வச்ச விதை பூரா வண்டு.

நொய்யல்கரை | ஜனவரி 7, மாலை 5:30

முதல் முதலா காய்ச்ச கொடியில, நடுப் பந்தல்ல, பூச்சி விழாத காயா பார்த்து நூல் கட்டி அடையாளம் வெச்சுருங்க. கொடியிலயே காய்ஞ்சு, ஆட்டுனா சலசலன்னு சத்தம் வரணும். கடைசியா வர்ற காயை விதைக்கு விடாதீங்க.

வண்டு டப்பாவுக்குள்ள வர்றதில்லைங்க, காயிலயே முட்டை வெச்சுருது, நாம கூட்டிட்டுப் போறோம். எங்க அப்பாரு காலத்துல துவரைக்குக் கட்டற மாதிரியே அவரைக்கும் செம்மண் கட்டுவாங்க. சலிச்ச செம்மண்ணைக் குழம்பாக் கரைச்சு, விதையை அதுல பிரட்டி, வெயில்ல முறுகக் காயவெச்சு, பானையில போட்டு மேல வேப்பிலை. அடுத்த ஆடிக்கு எடுத்து அப்படியே ஊன்றலாம்.

செடிவைத்தியம் | ஜனவரி 7, மாலை 6:15

செம்மண் கிடைக்காத ஊர்க்காரங்களுக்கு: விதையை நல்லாக் காய வச்சு, காத்து புகாத பாட்டில்ல அடைச்சு, ஒரு வாரம் ஃப்ரீசர்ல வைங்க. முட்டை, புழு எல்லாம் செத்துடும். விதையில ஈரம் இருந்தா விதையும் சேர்ந்து செத்துடும், அதனால கடிச்சுப் பாருங்க, பல் இறங்கக் கூடாது. வெளியே எடுத்ததும் உடனே திறக்காம, பாட்டில் அறைச் சூட்டுக்கு வர்ற வரைக்கும் விடுங்க.

தாம்பரம்_தொட்டி | ஜனவரி 7, இரவு 9:00

யாராவது எனக்குக் கொடி அவரை விதை நாலு அனுப்ப முடியுமா? சிறகவரை விதை பதிலுக்குத் தர்றேன். தைப் பொறந்ததும் போட்டுடலாம்னு இருக்கேன்.

நொய்யல்கரை | ஜனவரி 8, காலை 5:45

தம்பி, மேல இத்தனை பேர் எழுதுனதைப் படிச்சீங்களா இல்லையா? தையில அவரை போடாதீங்க. தைப்பட்டத்துக்கு வெண்டை, கொத்தவரை, தண்டங்கீரை போடுங்க. வெண்டை இலையில மஞ்சள் நரம்பு ஓடுனா அது வெள்ளை ஈ பரப்பற நோய், அந்தச் செடியைப் பார்த்துட்டு நிக்காம பிடுங்கிப்போடுங்க. அவரை விதையை ஆனி கடைசியில அனுப்பறேன், அப்ப ஞாபகப்படுத்துங்க.